இரண்டு 'தௌ' இடைவெளி
(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



நம் மெட்ராலஜி பாடத்தில் 'லிமிட்ஸ், ஃபிட்ஸ்' என்று ஒரு யூனிட் வருகிறது. கிளியரன்ஸ் ஃபிட், டிரான்சிஷன் ஃபிட், இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட் என்று மூன்று வகை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டம் போட்டு ஒரு படம். பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகிறோம். காரணம், புத்தகத்தில் வரும் உதாரணம் எப்போதும் அதே புஷ்ஷும் ஷாஃப்ட்டும்தான். புஷ் கொஞ்சம் லூஸானால் என்ன ஆகும்? கடகடவென்று சத்தம் வரும், மாற்றிக் கொள்ளலாம். உயிரா போய்விடும்?

உயிரோடு விளையாடுகிற ஒரு ஃபிட்டைப் பற்றித்தான் இந்த மலரில் எழுத நினைத்தேன். அது ரைஃபிளின் சேம்பருக்கும் அதில் போய் உட்காரும் தோட்டாவுக்கும் உள்ள ஃபிட்.

எனக்கு இதில் ஆர்வம் வந்ததற்கு இரண்டு பேர் காரணம். ஒருவர் என் தாய்மாமா. ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்க்கும் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன். அங்கே ரேஞ்சுக்குப் போய் குறி பார்த்துச் சுடுவது அவருக்குப் பொழுதுபோக்கு. சுட்ட பித்தளைக் கூடுகளை வீட்டு ஷெட்டிலேயே ஒரு கைப்பிரஸ்ஸில் போட்டு மறுபடி அளவுக்குக் கொண்டு வந்து, தானே தோட்டா தயாரித்துக் கொள்கிறார். சொந்த உபயோகத்துக்கு இப்படிச் செய்வது அங்கே சர்வ சாதாரணம். நம் நாட்டில் அப்படியல்ல. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். மருந்து எவ்வளவு, எந்த மருந்து என்ற பேச்சும் இந்தக் கட்டுரையில் கிடையாது. நமக்கு வேண்டியது அதில் உள்ள அளவையியல் மட்டும்தான்.

முதலில் தோட்டா என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பித்தளைக் கேஸ், அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் வெடித்துவிடும். மிச்சம் கேஸ் மட்டும்தான். அதைத்தான் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். என்.சி.சி. நண்பர்கள் உடனே .22 தோட்டாவை நினைக்க வேண்டாம். அதில் பிரைமர் மருந்து கேஸின் விளிம்புக்குள்ளேயே இருக்கும். ஊசி அடித்து விளிம்பு நசுங்கிவிட்டால் அதோடு சரி. நான் சொல்வது நடுவில் பிரைமர் வைத்த பெரிய ரைஃபிள் தோட்டாக்களை. எடுத்துக்காட்டுக்கு .308 வின்செஸ்டரை எடுத்துக் கொள்கிறேன்.

அந்தக் கேஸ் ஒரு குட்டி பாட்டில் மாதிரி இருக்கும். உடம்பு, அதற்கு மேல் 20 டிகிரியில் சரிந்த தோள், அதற்கும் மேல் கழுத்து. சேம்பருக்குள் தோட்டா எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பது தோள்தான். தோளில் 0.400 அங்குல விட்டம் வரும் இடத்தை டேட்டம் என்று வைத்திருக்கிறார்கள். அந்த இடத்திலிருந்து போல்ட்டின் முகம் வரை உள்ள தூரத்துக்கு ஹெட்ஸ்பேஸ் என்று பெயர். வைவாவில் "டேட்டம் என்றால் என்ன?" என்று கேட்டால் "சார், அது ஒரு ரெஃபரன்ஸ் லைன் சார்" என்று ஒப்பிப்போமே, அதே டேட்டம்தான்! கூம்பின் மேல் ஒரு கோடு. கண்ணால் பார்க்க முடியாது. ஆனால் எல்லா அளவும் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

இனி அளவுகள். அமெரிக்கத் தொழில் தரத்தின்படி .308 சேம்பரின் ஹெட்ஸ்பேஸ் 1.630 முதல் 1.640 அங்குலம் வரை இருக்கலாம். தோட்டாவின் அதே அளவு 1.627 முதல் 1.634 வரை. தயவுசெய்து ஒரு பென்சிலை எடுத்து இந்த நான்கு எண்களுக்கும் நம் பாடப்புத்தகக் கட்டத்தைப் போட்டுப் பாருங்கள். மிகப்பெரிய சேம்பரில் மிகச்சிறிய தோட்டாவைப் போட்டால் இடைவெளி 0.013 அங்குலம். மிகச்சிறிய சேம்பரில் மிகப்பெரிய தோட்டாவைப் போட்டால்? இடைவெளியே இல்லை. 0.004 அங்குலம் இடிக்கிறது! அதாவது இது டிரான்சிஷன் ஃபிட். அந்த இடிப்பைப் போல்ட் மூடும்போது அதன் கேம் அழுத்திச் சமாளித்துவிடும். பித்தளை விட்டுக் கொடுக்கும். படித்த மூன்று ஃபிட்டில் எதற்கும் உதவாது என்று நான் நினைத்துக் கொண்டிருந்தது இதுதான்.

சேம்பரைச் சோதிக்க 'கோ' கேஜ் 1.630, 'நோ-கோ' கேஜ் 1.634. பயன்பாட்டில் உள்ள ரைஃபிளுக்கு 'ஃபீல்ட்' கேஜ் என்று 1.638-ல் இன்னொன்று. கோ கேஜைப் போட்டால் போல்ட் மூட வேண்டும். நோ-கோ போட்டால் மூடக் கூடாது. கோ கேஜ் முழு உருவத்தையும் ஒருசேரச் சோதிக்க வேண்டும், நோ-கோ ஒரு சமயத்தில் ஒரு அளவை மட்டும் சோதிக்க வேண்டும் என்று வில்லியம் டெய்லர் 1905-ல் சொன்ன விதி நமக்குப் பாடத்தில் உண்டு. அது இங்கே கண்ணெதிரே வேலை செய்கிறது.

மாமாவிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "மாப்ளே, கேஜ்ல போல்ட்ட ரெண்டு விரலால மூடணும். உள்ளங்கைய வச்சு அமுக்குனா நோ-கோவுக்கும் மூடும். அப்புறம் கேஜ் எதுக்கு, நீ எதுக்கு?" என்றார். பழைய லீ-என்ஃபீல்ட் நம்பர் 4 ரைஃபிளில் போல்ட்டின் தலை மட்டும் தனியாகக் கழலும். 0, 1, 2, 3 என்று எண் போட்ட நான்கு நீளங்களில் அது கிடைத்தது. ஹெட்ஸ்பேஸ் தேய்ந்து அதிகமானால் அடுத்த எண் தலையை மாட்டிச் சரி செய்வார்களாம். அந்த .303 தோட்டா தோளில் நிற்பதல்ல, அடியில் உள்ள விளிம்பில் நிற்பது. அதற்குக் கோ 0.064, ஃபீல்ட் 0.074 அங்குலம். பத்து தௌ! போர்க்களத்துச் சேறும் சகதியும் புகுந்தாலும் மூட வேண்டிய துப்பாக்கி அல்லவா, தாராளமாகத்தான் விட்டிருக்கிறார்கள். ('தௌ' என்றால் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. லேத் ஷாப்பில் பழைய இன்ஸ்ட்ரக்டர்கள் இன்றும் அப்படித்தான் பேசுகிறார்கள்.)

இடைவெளி அதிகமானால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இதுதான் விஷயமே.

ஊசி வந்து பிரைமரை அடிக்கிறது. கேஸ் முன்னால் தள்ளப்பட்டு, தோள் சேம்பரில் போய் முட்டி நிற்கிறது. இப்போது இடைவெளி முழுவதும் பின்னால், கேஸின் அடிக்கும் போல்ட்டுக்கும் நடுவில். மருந்து எரிகிறது. .308-க்கு அனுமதித்த உச்ச சராசரி அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. நம் கணக்கில் சுமார் 427 நியூட்டன்/சதுர மி.மீ. ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் மைல்டு ஸ்டீல் கம்பி இழுக்கிறோமே, அது ஈல்டு ஆவதே 250 அளவில்தான்! கேஸின் முன்பகுதி மெல்லிய சுவர். அது உப்பி சேம்பர் சுவரைக் கவ்விப் பிடித்துக் கொள்கிறது. அடிப்பகுதி கெட்டி, அதனால் உப்பாது. ஆனால் அழுத்தம் அதைப் பின்னால் தள்ளுகிறது. முன்பகுதி நகர மாட்டேன் என்கிறது, பின்பகுதி நகருகிறது. நடுவில், கெட்டி அடி முடிந்து மெல்லிய சுவர் தொடங்கும் இடத்தில், பித்தளை இழுபடுகிறது.

ஒரு முறை இழுபட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் கேஸை மறுபடி பிரஸ்ஸில் போட்டுத் தோளைப் பழைய இடத்துக்குப் பின்னால் தள்ளி, மறுபடி சுட்டு, மறுபடி இழுத்து... டென்சைல் டெஸ்ட்டில் நெக்கிங் வருமே, அதேதான். வெளியே அடியை ஒட்டி ஒரு பளபளப்பான வளையம் தெரியும். ஒரு பேப்பர் கிளிப்பை நீட்டி நுனியை மட்டும் வளைத்து, கேஸுக்குள் விட்டு மெதுவாக மேலே இழுத்தால் அந்த இடத்தில் பள்ளம் தட்டுப்படும். அதைக் கவனிக்காமல் இன்னொரு முறை சுட்டால் கேஸ் இரண்டாகப் பிய்ந்து, அந்த அழுத்தத்தில் உள்ள வாயு பின்பக்கம் வழி தேடும். பின்பக்கம் சுடுபவனின் முகம் இருக்கிறது.

அண்ணனுடைய கேஸ்களில் அந்த வளையம் ஐந்தாவது முறையிலேயே வந்துவிட்டது. பித்தளை மட்டம் என்று கேஸைத் திட்டிக் கொண்டிருந்தார். வீடியோ காலில் மாமா கேட்டது ஒரே கேள்வி: "சுட்ட கேஸ் எவ்வளவு, அமுக்குன கேஸ் எவ்வளவு? அளந்தியா தம்பி?" அளக்கவில்லை. டையோடு வந்த காகிதத்தில் சொன்னபடி செட் பண்ணியிருந்தார்.

அந்தக் காகிதத்தில் வழக்கமாகச் சொல்வது இது. ஷெல் ஹோல்டரை மாட்டி ராமை மேலே தூக்கு, டை அதில் தொடும் வரை திருகி இறக்கு, பிறகு ராமை இறக்கிவிட்டு டையை இன்னும் எட்டில் ஒரு சுற்று, கால் சுற்று திருகு, லாக் நட்டை இறுக்கு. இப்படிச் செய்தால் எந்த ரைஃபிளிலும் தோட்டா நுழையும் என்பது உண்மை. ஆனால் உன் ரைஃபிளுக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. டைக்கு ஒரு டாலரன்ஸ், ஷெல் ஹோல்டரின் உயரத்துக்கு ஒரு டாலரன்ஸ், சேம்பருக்கு ஒரு டாலரன்ஸ். மூன்றும் ஒரே பக்கம் சாய்ந்தால் கேஸ் தேவைக்கு மேல் குட்டையாகிவிடும். டாலரன்ஸ் ஸ்டாக்-அப் என்று நாம் படிப்பது இதைத்தான்.

அளந்து பார்த்தபோது சுட்ட கேஸ் 1.632, அழுத்திய கேஸ் 1.624. ஒவ்வொரு முறையும் எட்டு தௌ பின்னால் தள்ளி, எட்டு தௌ இழுத்துக் கொண்டிருந்திருக்கிறது. போல்ட் ரைஃபிளுக்குத் தோள் ஒன்று அல்லது இரண்டு தௌ பின்னால் போனால் போதும். தானியங்கி ரைஃபிள் என்றால் மூன்று முதல் ஐந்து வரை விடுகிறார்கள், தடங்கலில்லாமல் நுழைவதற்காக.

அளக்கும் விதத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. டயல் காலிப்பரின் தாடையில் 0.400 அங்குலத் துளையுள்ள ஒரு துண்டை மாட்டி, அதில் கேஸின் தோளை உட்கார வைத்து அளக்கிறார்கள். துளையின் விளிம்பு கொஞ்சம் மழுங்கியிருந்தாலும் கூம்பில் அது வேறு இடத்தில் உட்காரும். ஆகவே அதில் வரும் எண் உண்மையான ஹெட்ஸ்பேஸ் என்று நம்பக் கூடாது. அது கம்பரேட்டர். இரண்டு கேஸ்களின் வித்தியாசத்தை மட்டும் நம்பலாம், ஏனென்றால் துளையின் குறை இரண்டுக்கும் பொது. இன்னொன்று, பழைய பிரைமரை முதலில் தட்டி எடுத்துவிட வேண்டும். அது ஒரு மயிரிழை துருத்தினாலும் கேஸ் அதன் மேல் நின்றுவிடும், அளவு பொய்யாகிவிடும்.

இனி டையைத் திருத்தும் கணக்கு. எனக்குப் பிடித்த இடம் இது, கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள். இந்த டைகளின் மரை 7/8 அங்குலம், அங்குலத்துக்கு 14 புரி. ஒரு முழுச் சுற்றுக்கு 1/14, அதாவது 0.0714 அங்குலம் நகரும். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.0002 அங்குலம். இப்போது 1.624-லிருந்து 1.630-க்குப் போக வேண்டும், ஆறு தௌ மேலே. 0.006-ஐ 0.0714-ஆல் வகுத்தால் 0.084 சுற்று, அதாவது 30 டிகிரி. கடிகாரத்தில் ஒரு மணி நேரம்! லாக் நட்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, 30 டிகிரி வெளியே திருகினால் போதும். அந்தக் காகிதம் சொல்லும் 'எட்டில் ஒரு சுற்று, கால் சுற்று' என்பது எத்தனை தௌ என்று இதே கணக்கில் பாருங்கள். ஒன்பது முதல் பதினெட்டு தௌ. ஒன்று இரண்டு தௌ தேடுகிற இடத்தில்!

கணக்கு சரி, ஆனால் பிரஸ் கணக்குப் படிக்கவில்லையே. அண்ணன் 30 டிகிரி திருகியபோது கேஸ் 1.630-ல் நிற்கவில்லை, 1.633 காட்டியது. சுட்ட கேஸைவிட ஒரு தௌ நீளம்! அழுத்தினால் குறைய வேண்டியது எப்படிக் கூடும் என்று குழம்பிப் போனார். இதற்குப் பதில் ஃபோர்மிங் பாடத்தில் இருக்கிறது. டை முதலில் கேஸின் உடம்பைத்தான் பக்கவாட்டில் நெருக்குகிறது. நெருக்கிய பித்தளை எங்காவது போக வேண்டும். டையின் தோள் இன்னும் தொடவில்லை என்றால் மேலே போகிறது, கேஸின் தோள் முன்னால் தள்ளப்படுகிறது. பற்பசை டியூபை நடுவில் அமுக்கியது மாதிரி. டை இன்னும் கொஞ்சம் இறங்கித் தோளைத் தொட்ட பிறகுதான் அளவு குறையத் தொடங்கும். ஆகவே சரியான வழி, டையை வேண்டுமென்றே உயரத்தில் வைத்துத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் சில டிகிரி இறக்கி, அழுத்தி, துடைத்து, அளந்து, அளவு முதலில் ஏறி, பிறகு இறங்கி, சுட்ட அளவுக்கு இரண்டு தௌ கீழே வரும் இடத்தில் நிறுத்துவது. கடைசிச் சில டிகிரிகளில் கைக்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்களுக்கு இரண்டு இரண்டு தௌ உயரம் கூடும் ஷெல் ஹோல்டர் செட்டே விற்கிறார்கள். டையைத் தொடாமல் ஹோல்டரை மாற்றினால் போதும், ஸ்லிப் கேஜ் போல.

லாக் நட்டை இறுக்குவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மரையில் எப்போதும் ஆட்டம் இருக்கும். காலி டையை இறுக்கினால் மரை ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், அழுத்தும்போது மறுபக்கம் போய்விடும். அதனால் ஒரு கேஸை டைக்குள் ஏற்றி, ராம் மேலே நிற்கும்போதே இறுக்க வேண்டும். அழுத்தத்தில் டை எங்கே உட்காருமோ அங்கேயே பிடித்துக் கொள்ளும். பிரஸ்ஸின் உடம்பும் சும்மா இருப்பதில்லை. 'சி' வடிவ பிரஸ் வாயைக் கொஞ்சம் திறக்கும். 'ஓ' வடிவம் அவ்வளவு திறக்காது. காலியாக இருக்கும்போது டையும் ஹோல்டரும் முட்டிக் கொண்டிருந்தாலும், கேஸை அழுத்தும்போது நடுவில் வெளிச்சம் தெரிந்தால் இதுதான் காரணம்.

எல்லாம் சரியாக செட் பண்ணிய பிறகும் சில கேஸ்கள் ஒரு தௌ கூட, ஒரு தௌ குறைய வரும். டை அதே டைதான். மாறியது பித்தளை. கேஸ் பித்தளை 70/30, எழுபது பங்கு செம்பு, முப்பது பங்கு துத்தநாகம். குளிர்நிலையில் வேலை செய்யச் செய்ய இறுகும். இறுகினால் ஸ்பிரிங்பேக் அதிகமாகும். டை தள்ளிய தோள் கை எடுத்ததும் திரும்பி வரும். அதனால் சில முறை சுட்ட பிறகு கழுத்தையும் தோளையும் அனீல் செய்கிறார்கள். அடிப்பகுதியை மட்டும் ஒருபோதும் சூடாக்கக் கூடாது. அது இளகினால் அழுத்தத்தைத் தாங்காது. ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் தெரியும். அது அழுக்கல்ல, அனீல் செய்த அடையாளம்.

இறுகிய பித்தளையின் இன்னொரு கதை நம் நாட்டோடு சேர்ந்தது. பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் கேஸ்கள் சுடாமலேயே வெடித்துக் கீறல் விட்டன. மழை வந்தால் வருகிற கீறல் என்பதால் 'சீசன் கிராக்கிங்' என்று பெயர் வைத்தார்கள். காரணம் மழை அல்ல. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும், கழுத்தைக் குறுக்கும்போது பித்தளைக்குள் தங்கிவிட்ட ஸ்ட்ரெஸ்ஸும் சேர்ந்து செய்த வேலை. 1921-ல்தான் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் இதை விளக்கினார்கள். ஸ்ட்ரெஸ் ரிலீவிங் ஏன் என்று கேட்டால் இனிமேல் குதிரையை நினைத்துக் கொள்ளுங்கள், மறக்காது.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அழுத்தும் முன் கேஸுக்கு மெலிதாக லூப் தடவ வேண்டும். தடவாவிட்டால் டைக்குள் கவ்விக் கொள்ளும், அதிகம் தடவினால் தோளில் எண்ணெய் சேர்ந்து பள்ளம் விழும். கேஸின் முழு நீளம் 2.015 அங்குலத்தைத் தாண்டினால் வெட்டி 2.005-க்குக் கொண்டு வர வேண்டும். நீண்ட கழுத்து சேம்பரின் முனையில் முட்டி மடங்கிக் குண்டைக் கவ்வினால் அழுத்தம் எகிறும். கழுத்தின் உள்விட்டம் குண்டைவிட இரண்டு மூன்று தௌ குறைவு. இதுதான் நம் மூன்றாவது ஃபிட், இன்டர்ஃபியரன்ஸ். ஒரே தோட்டாவில் இரண்டு வகை ஃபிட் ஆயிற்று.

குண்டை உட்கார வைக்கும் டையில் ஒரே எச்சரிக்கை. தோட்டாவின் மொத்த நீளத்தைக் குண்டின் மூக்கு நுனி வரை அளந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வரும், நுனி ஒழுங்கில்லாதது. மேகசினில் நுழையுமா என்று பார்க்க மட்டும் அந்த அளவு, .308-க்கு உச்சம் 2.810 அங்குலம். குண்டு குழலின் வரிகளை எங்கே தொடும் என்பதுதான் முக்கியம். அதனால் மூக்கு வளைந்து முழு விட்டத்துக்கு வரும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். மறுபடியும் டேட்டம்! உட்கார வைத்த பிறகு வி-பிளாக்கில் வைத்து உருட்டி, குண்டின் மேல் டயல் இண்டிகேட்டரை வைத்தால் ரன்-அவுட் தெரியும். நாம் லேபில் ஷாஃப்ட்டுக்குச் செய்கிறோமே, அதே சோதனை, அதே கருவி.

அண்ணன் இப்போது ஒவ்வொரு டப்பாவின் மேலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டுகிறார்: எந்த ரைஃபிள், எத்தனையாவது முறை, சுட்ட அளவு, அழுத்திய அளவு, கடைசியாக அனீல் செய்த தேதி. வளையம் தெரிந்த பழைய கேஸ்கள் எல்லாவற்றையும், நன்றாக இருப்பது போல் தெரிந்தவை உட்பட, கட்டிங் பிளையரால் வாயை நசுக்கிப் பழைய பித்தளைக்குப் போட்டுவிட்டார். நசுக்காமல் போட்டால் யாராவது எடுத்து மறுபடி டைக்குள் விடுவார்கள் என்று மாமா சொல்லியிருந்தார்.